அம்மனுக்கு ஆகாத சாக்ஸ்

என் புருஷன் லெபனானிலிருந்து கேட்டது கம்பளி சாக்ஸ். கூடவே கால்சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ளக் கனமான நீள பேண்ட் இரண்டு, கொஞ்சம் ஜட்டி. அவ்வளவுதான். கடைக்குப் போய் வாங்கி, ஒரு பொட்டியில் போட்டு, டேப் ஒட்டி அனுப்பினால் அரை நாள் வேலை. அதைக் கொடியேற்றத்திலிருந்து தீர்த்தவாரி வரைக்கும் ஒரு திருவிழாவாகவே நடத்திக் காட்டினார்கள் எங்கள் ஃபிளாட்டுக்காரர்கள்.

அவர் மலேசிய ராணுவத்தில் கோப்ரல். சமாதானப் படை என்று நீலத் தொப்பி மாட்டி ஒரு வருஷத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் இந்தப் பக்கமிருந்தும் சுடுவார்கள், நடுவில் இவர்கள் நின்று பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எனக்குப் புரிந்த வரைக்கும் அதுதான் வேலை. ஒரு மலை உச்சியில் காவல். நவம்பர் கடைசியில் ஒருநாள் வீடியோ காலில் வந்தவர் முகத்தைக் காட்டாமல் காலைக் காட்டினார்.

"பாரு இத. வெரலெல்லாம் வீங்கிப் போச்சி. தோலு வெடிச்சி ரத்தம் வருது. குடுத்த சாக்ஸு தொவச்சா காய மாட்டேங்குது, ஈரத்தோட மாட்டிக்கிட்டு நின்னா இன்னும் மோசம். இப்படியே விட்டா சலம் வச்சிரும்னு டாக்டரு சொல்றாரு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் அழுதால் அவர் அடுத்த தடவை காலைக் காட்டவே மாட்டார் என்று தெரியும். அதனால் திட்டினேன். இத்தனை நாள் வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். சீக்கிரம் அனுப்பு, ஜனவரியில் பனி கொட்டுமாம் என்றார்.

பினாங்கில் கம்பளி சாக்ஸ் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். வருஷம் முழுக்க வேர்த்து ஊற்றுகிற ஊர். பெரிய மாலில் ஒரு பெண்ணிடம் "தடியான சாக்ஸ் வேணும், குளிருக்கு" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஸ்கூல் பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸை எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் கிடைத்தது பண்டல் கடையில். ஜப்பான், கொரியாவிலிருந்து பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குமே, அந்தக் கடை. ரசகற்பூர வாடை மண்டையைப் பிளக்கும். குவியலுக்குள் இடுப்பு வரைக்கும் இறங்கித் தேடினேன். சாக்ஸ் அருமையான சாக்ஸ், முழங்கால் வரைக்கும் வரும். பேண்டும் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிருமி மருந்து கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் துவைத்து, நடைபாதைக் கம்பியில் காயப்போட்டேன். ஜட்டி மட்டும் புதுசு.

அந்தக் கம்பியில் தொங்கிய சாக்ஸ்தான் எல்லாத்துக்கும் வினை. என் மாமியார் பார்த்துவிட்டார்.

என் மாமியார் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது பாருங்கள். மகன் லெபனானுக்குப் போனதிலிருந்து டிவியில் செய்தி வந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். பயமா என்று கேட்டால், "எனக்கென்ன பயம், அவன் என்ன சண்டைக்கா போயிருக்கான்" என்று என் மேலேயே எரிந்து விழுவார். அந்தப் பயம் முழுக்க என் சமையலில், என் துணி மடிக்கிற அழகில், நான் சோப்புத்தூள் போடுகிற அளவில் போய் இறங்கும். சரி, இறங்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

மகனுக்குப் பொட்டி போகிறது என்று அவர் கோவிலில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்த நாலாவது ஆள் தலைவர்.

எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்மன் கோவில். அதற்கு அவர்தான் தலைவர். குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான். கார் நிறுத்துகிற கமிட்டி என்று ஒன்று ஆரம்பித்தார்கள், அதற்கும் அவரேதான். என் கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டு, "மாப்பிள்ள ஆர்மியா? ஏன், வேற வேல ஒண்ணும் கெடைக்கலையா?" என்று கேட்ட அதே மனுஷர், இப்போது வாசலில் வந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இது ஒன் குடும்ப விஷயம் இல்ல லா. நம்ம சமுதாயத்து விஷயம். நம்ம வீரருக்கு நாம எல்லாரும் சேந்து பொங்கல் பரிசு அனுப்புறோம்."

"அண்ணே, அவருக்கு சாக்ஸுதான் வேணும்."

"சாக்ஸும் போடலாம் மா. சாக்ஸு ஒரு ஓரமா கெடக்கட்டும்."

என் மாமியாருக்கு வாயெல்லாம் பல். மகனை முதல் தடவையாக ஊரே வீரர் என்கிறது. நான் என்ன சொல்ல? சரி என்றேன். அந்த ஒரு சரிதான் என் வாயிலிருந்து அவர்கள் காதில் ஏறிய கடைசி வார்த்தை, அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சில நாளில் கோவில் மண்டபத்து மேசையில் வந்து குவிந்ததைப் பார்க்க வேண்டுமே! முறுக்கு வந்தது, சரி. அதிரசம் வந்தது, அதுவும் சரி. ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு கண்ணாடி போத்தல், பினாங்குக்காரன் என்றால் அது இல்லாமலா. பொங்கல் என்ற வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு அக்கா சின்ன மண்பானை கொண்டுவந்து வைத்தார், மஞ்சள் கொத்து கட்டி. இன்னொருவர் கரும்பு. முழுக் கரும்பை நாலு துண்டாக வெட்டினால் பொட்டிக்குள் போகுமா போகாதா என்று இரண்டு பேர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். லெபனானில் காவல் நிற்கிற ராணுவக்காரன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கரும்பு கடிக்க வேண்டும் என்று இவர்களுக்கு ஆசை.

இதையாவது அன்பு என்று விட்டுவிடலாம். வேண்டாத சாமானைத் தள்ளிவிட வந்தவர்களும் இருந்தார்கள். நகைக்கடையில் சும்மா கொடுத்த போன வருஷ காலண்டர். பாதி தேய்த்த தைலம். உறை பிரிக்காத தொப்பி, அதில் ஏதோ உரக் கம்பெனியின் பெயர்.

மற்றதெல்லாம் வெயிலுக்கு. கையில் பிடிக்கிற குட்டி ஃபேன், வேர்க்குரு பவுடர், பார்லி பாக்கெட், உடம்புச் சூட்டுக்குத் தலையில் தேய்க்கத் தேங்காய் எண்ணெய். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, இதெல்லாம் எதுக்கு? அங்க குளிருதுன்னுதானே சாக்ஸு கேட்டாரு?"

தலைவர் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "தங்கச்சி, லெபனான் அரபு நாடு மா. ஒட்டகம், பாலைவனம். நீ வெளிநாடு போனதில்ல, ஒனக்குத் தெரியாது."

"அங்க பனி கொட்டும்ணே. ஸ்னோ."

"அரபு நாட்டுல ஸ்னோவா!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். கரும்பு அளந்துகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். "ஏசி ரூம்ல ஒக்காந்து போன் பண்ணியிருப்பான் லா. குளுருதுன்னு ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்."

வெடித்துப்போன அந்தக் கால் விரல்கள் என் போனில் படமாக இருந்தன. காட்டியிருக்கலாம். காட்ட மனசு வரவில்லை. என் புருஷனின் புண்ணை இந்தக் கும்பல் மேசையில் வைத்து அளக்க வேண்டாம் என்றிருந்தது.

பிறகு ஸ்டிக்கர் வந்தது. பொட்டியின் நாலு பக்கமும் ஒட்ட, கலரில் அச்சடித்து. மேலே "வீரத் திருமகனுக்கு எங்கள் அன்புப் பரிசு". இடது பக்கம் முழுக்கத் தலைவர், கும்பிட்டபடி, வேறு ஏதோ விழாவில் எடுத்த படம். வலது மூலையில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் என் புருஷன். அவர் படத்தைச் சுற்றி மல்லிகை மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது.

ஸ்டிக்கரைத் தலைவர் முன்னால் நீட்டினேன். "அண்ணே, இதப் பாத்தா பதினாறாம் நாள் காரியத்துக்கு அடிச்ச மாதிரி இருக்கே!"

"வீரர்களுக்கு அப்படித்தான்மா போடுவாங்க."

"செத்த வீரருக்குப் போடுவாங்க. இவரு உயிரோடத்தானே இருக்காரு?"

"அபசகுனமா பேசாத" என்று அதட்டினார் தலைவர். மாலை போட்டது அவர், அபசகுனம் பேசியது நானாம்!

பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் எனக்குப் பக்ரி, அதாவது ஃபேக்டரி வேலை. மாலை ஷிப்ட் என்றால் கம்பெனி பஸ் பாலத்தைத் தாண்டிப் போகும்போது வெளிச்சம் மங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பொட்டியை அம்மன் சன்னதியில் வைத்து அர்ச்சனை செய்யப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு ஷிப்ட். போகும் முன்பே சாக்ஸ், பேண்ட், ஜட்டி எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிப் பொட்டிக்கு அடியில் வைத்து, மேலே முறுக்கு டின்னை வைத்து அழுத்திவிட்டுப் போனேன். பானையும் கரும்பும் பொட்டியில் ஏறவில்லை. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். வேலையில் நின்றுகொண்டே போனில் படம் பார்த்தேன். அம்மன் முன்னால் பொட்டி, பொட்டிக்கு முன்னால் தலைவர். அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு தலைவர், அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டுத் தலைவர். ஒரு படத்தில் அம்மனையே மறைத்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை காலையில் தலைவரின் காடியில் போஸ்டாபீசுக்குப் போனோம். நான், மாமியார், பின் சீட்டில் எங்கள் நடுவில் குழந்தை மாதிரி பொட்டி. தலைவர் ஜிப்பா போட்டு வந்திருந்தார். போஸ்டாபீசில் படம் எடுக்க வேண்டுமல்லவா.

கவுண்டரில் ஒரு இளவயது மலாய்க்காரப் பெண். பொட்டியைத் தராசில் வைத்தாள். முகவரி ஒட்ட இடம் தேடினாள். நாலு பக்கமும் தலைவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பொட்டியைச் சுற்றிச் சுற்றித் திருப்பியவள் என் புருஷனின் படத்தில் வந்து நின்றாள். மாலையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். உள்ளே என்ன சாமான் என்று கேட்டாள்.

மலாய் பேசுவதென்றால் தலைவருக்குத் தனி மிடுக்கு. நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். பலகாரம், ஊறுகாய், துணி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் திருநீறுக்கு வந்து நின்றார். என் மாமியார் மகனைக் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அம்மன் காலடியில் வைத்து எடுத்த ஒரு பெரிய பொட்டலம் திருநீறு பொட்டிக்குள் இருந்தது. திருநீறுக்கு மலாயில் என்ன சொல்வது? தலைவர் ஒரு விநாடிதான் யோசித்தார்.

"அபு," என்றார்.

அபு என்றால் சாம்பல். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அபு? அபு அப்பா, அங்கிள்?" என்ன சாம்பல் என்று கேட்கிறாள்.

"அபு சுச்சி," என்றார் தலைவர். புனிதச் சாம்பல். அதோடு நிறுத்தியிருந்தால் தொலைந்து போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஸ்டிக்கரில் என் புருஷனின் படத்தை விரலால் தட்டிக் காட்டி, "அபு ஆஸ்கார்," என்றார். ராணுவக்காரருக்கான சாம்பல் என்று சொன்னதாக அவருக்கு நினைப்பு. கேட்கிறவர்களுக்கு அது ராணுவக்காரருடைய சாம்பல்.

அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போனது. மறுபடி மாலையைப் பார்த்தாள். எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, என்னையும் என் மாமியாரையும் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"தக்சியா, காக்."

துக்க வீட்டில் சொல்கிற வார்த்தை அது. என் மாமனார் இறந்தபோது கீழ்வீட்டு மலாய்க்காரர்கள் வரிசையாக வந்து என் மாமியாரின் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை. அவருக்கு மலாய் அரைகுறைதான், ஆனால் இதற்கு யாரும் அவருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

மலாயில் புருஷனுக்குச் சுவாமி என்று பெயர். யார் வைத்தார்களோ. நான் போஸ்டாபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன், "சுவாமி சாயா மாசே ஹிடோப்!" என் புருஷன் இன்னும் உயிரோடு இருக்கிறார்! நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தடவை கத்தினேன். முதல் தடவை அவளுக்காக. இரண்டாம் தடவை யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை.

பாவம், அந்தப் பெண் பதறிப் போய்விட்டாள். "மாஃப் காக், மாஃப்" என்று, அக்கா போட்டு எத்தனை மன்னிப்பு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினேன். நெற்றியில் பூசுவது, கோவிலில் கொடுப்பது, மாட்டுச் சாணத்தை எரித்துச் செய்வது. சாணம் என்றதும் அவள் முகம் இன்னும் மோசமானது. ஒருவழியாகப் புரிந்துகொண்டு, அக்கா, எதுவானாலும் வெள்ளைப் பொடி பொட்டலத்தைப் பேப்பர் இல்லாமல் வெளிநாட்டுக்கு ஏற்க முடியாது, வழியில் எங்கேயாவது நிறுத்தி மொத்தப் பொட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள். நியாயம்தானே.

டேப்பைக் கிழித்துப் பொட்டியைத் திறந்தோம். மேலே திருநீறு. அதற்குக் கீழே, நான் வைக்காத ஒன்று, ஜரிகை பளபளக்க மடித்து வைத்த பொன்னாடை. சிவப்பு நிறம், ஓரத்தில் தலைவரின் பெயர் அச்சடித்தது. முறுக்கு டின்னைத் தூக்கிப் பார்த்தேன். ஃபேன், பவுடர், பார்லி, எண்ணெய். கையை அடி வரைக்கும் விட்டுத் துழாவினேன்.

"சாக்ஸு எங்க?"

தலைவர் வெளியே நிற்கிற தன் காடியைப் பார்த்தார். மாமியார் தரையைப் பார்த்தார்.

"அத்தே, சாக்ஸு எங்க? பேண்டு எங்க?"

"அம்மன் முன்னால வைக்கிற பொட்டியில ஜட்டிய வைப்பாங்களா?" என்றார் மாமியார், குரலே எழும்பாமல். "திருநீறும் ஜட்டியும் ஒண்ணாவா?"

"சரி, ஜட்டிய விடுங்க. சாக்ஸு என்ன பாவம் பண்ணுச்சி?"

"கால்ல போடுறதுதானே அதுவும்."

"பேண்டு?"

"பழைய துணி. எவன் போட்டதோ. செத்தவன் துணியா இருந்தா?"

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, அதுக்குப் பதிலாத்தான் பொன்னாட வச்சோம். அதப் போத்திக்கிட்டாலே குளிரு தாங்கும் லா. அப்படியே யூனிபார்மோட, துப்பாக்கியோட ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு என்னை ஏமாற்றுகிறவருக்குக் குளிர் தாங்கப் பொன்னாடை எதற்கு என்று கேட்டேன். இத்தனை நாள் காட்டாத படத்தைப் போனில் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். நீலம் பாரித்த விரல்கள், வெடித்த தோல், நகத்தோரம் காய்ந்த ரத்தம். "இதுக்குப் போத்துங்கண்ணே ஒங்க பொன்னாடைய" என்றேன்.

அந்தப் படத்தைத் தலைவர் பார்த்தாரோ இல்லையோ, என் மாமியார் பார்த்துவிட்டார். அவருக்கும் இதுதான் முதல் தடவை. அம்மாவுக்குக் காட்டாதே என்று என் புருஷன் சொல்லியிருந்தார், நானும் காட்டவில்லை. போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். விரலால் தடவினார், படம் பெரிதாகிவிட்டது. இன்னும் பெரிதாக அந்தப் புண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தலைவரைப் பார்த்து, "காடி சாவியக் குடு" என்றார். அதுவரைக்கும் அவரை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார்.

சாக்ஸ் மூட்டை காடியின் பின்னால், சாமான் வைக்கிற டிக்கியில்தான் கிடந்தது. யாராவது ஏழைபாழைக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைவர் போட்டு வைத்திருந்தாராம். மாமியார் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கவுண்டரில் பொட்டியைக் காலி செய்தேன். ஃபேன் வெளியே. பவுடர், பார்லி, காலண்டர், உரக் கம்பெனித் தொப்பி எல்லாம் வெளியே. முறுக்கையும் அதிரசத்தையும் ஊறுகாயையும் விட்டுவைத்தேன். ஊறுகாய் போத்தல் உடையாமல் இருக்கப் பொன்னாடையைச் சுற்றினேன். ஒரு பொன்னாடை உருப்படியாக ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண் நாலு ஸ்டிக்கரையும் பிய்த்துப் போட்டுவிட்டு முகவரியை ஒட்டினாள். தலைவர் தன் முகம் சுருண்டு குப்பைத்தொட்டிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி நின்றார். படம் எடுக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சாக்ஸை வாங்கத் திரும்பினேன். மாமியார் மடியில் திருநீற்றுப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. ஒரு சாக்ஸின் வாயை விரித்து, திருநீறு தொட்ட கையை உள்ளே விட்டு, விரல் நுனி வரைக்கும் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்து வெளியே தட்டினார், ஒரு துளி சிந்தவில்லை. அடுத்த சாக்ஸ். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சாக்ஸ் முடிந்ததும் பேண்டை எடுத்தார். அதற்கப்புறம், நான் பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டே, ஜட்டியையும் எடுத்தார்.

நான் தடுத்திருக்க வேண்டும். பொடி இருந்தால் பொட்டியே திரும்பி வரும் என்று அந்தப் பெண் அத்தனை தெளிவாகச் சொல்லியிருந்தாள். சாக்ஸ் போய்ச் சேருவதுதான் எனக்கு முக்கியம், அதற்காகத்தான் இவ்வளவு நேரம் சண்டை போட்டேன். ஆனாலும் மேலே ஒட்டியிருந்ததை மட்டும் நன்றாக உதறிவிட்டு, சுருட்டி, பொட்டிக்குள் வைத்தேன். மிச்சப் பொட்டலம் மாமியாரின் கைப்பைக்குள் போனது. அந்தப் பெண் டேப்பை ஒட்டி முத்திரை குத்தினாள். "செலாமாட் லா காக்," என்றாள், அவர் நல்லபடியாக இருக்கட்டும் என்று.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! பொட்டி எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். பக்ரியில் டாய்லெட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். கோலாலம்பூரை விட்டுப் போனது. அப்புறம் ஏதோ ஒரு நாட்டுச் சுங்கத்தில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். சாக்ஸை மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். மாமியார் கேட்டால், "வந்துக்கிட்டிருக்கு" என்பேன். அவர் மறுபேச்சு பேசாமல் டிவிப் பக்கம் திரும்பிக்கொள்வார். என் சமையலைக்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

இதற்கிடையில் தலைவர் முகநூலில் படம் போட்டிருந்தார். அர்ச்சனைப் படம்தான். "லெபனான் மண்ணில் நம் அன்பு" என்று தலைப்பு. லெபனான் மண்ணை இன்னும் அது தொடவே இல்லை, அதற்குள் அறுபது எழுபது பேர் கும்பிட்டிருந்தார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் வந்தது. நானும் மாமியாரும் ஒன்றாகப் போனுக்குள் முகத்தை நுழைத்தோம். அவர் கூடாரத்துக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்து, மெலிந்து, ஆனால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. காலைத் தூக்கிக் காட்டினார், முழங்கால் வரைக்கும் சாம்பல் நிறச் சாக்ஸ். வெளியே பனி கொட்டுவதைக் கொஞ்சம் காட்டினார். முறுக்கைக் கூட இருந்த மலாய்க்காரர்கள் வாசனை பிடித்து வந்து முடித்துவிட்டார்கள் என்றார். கூடார ஓட்டையில் காற்று வருகிறது, அதில் ஒரு சிவப்புத் துணியை அடைத்திருக்கிறேன், அது என்ன துணி என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

"காலு எப்படி இருக்கு?" என்றேன்.

"பரவால்ல. வெடிப்பு மூடிக்கிட்டு வருது. டாக்டரே காஞ்ச சாக்ஸு போட்டதால நல்லாயிருச்சின்னாரு." சாக்ஸைக் கழற்றி விரல்களை ஆட்டிக் காட்டினார். பிறகு அந்தச் சாக்ஸைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். "ஆமா, உள்ள வெள்ளையா என்னமோ பூசியிருந்துச்சே. எல்லாச் சாக்ஸுலயும். காலுக்குப் போடுற பவுடராம்மா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். வீட்டில் ஒரு சிட்டிகை திருநீறு தரையில் சிந்தினால் யாரும் மிதித்துவிடக் கூடாது என்று, முட்டி வலியோடு குனிந்து முந்தானையால் ஒற்றி எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அவர். திருநீறு என்று சொன்னால் அவர் அந்தச் சாக்ஸை இனி மாட்டவே மாட்டார். அம்மாவின் பிள்ளைதானே.

"ஆமாடா, பவுடர்தான்," என்றார் என் மாமியார். "காலுக்குத்தான் போட்டேன். நல்லா மிதிச்சி நட."